கார்டில் கடல் அடங்காது

மார்ச் 4

தம்பிக்கு,

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். உங்கள் குரல் அவருடைய குரல். நீங்கள் "ஹலோ" என்று சொன்னாலே போதும், அதற்குமேல் எதுவும் என் காதில் விழாது. செய்தி அனுப்பலாம்தான். அனுப்பினால் உடனே பதில் வரும். உடனே வரும் பதில்கள் எனக்கு இப்போது வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணனின் அனிமேஷன் படம் முடியாமல் கிடக்கிறது. லிஃப்ட்காரரின் கதை. நாளெல்லாம் மற்றவர்களை ஏற்றி இறக்குகிறவர், கடைசிக் காட்சியில் ஆளில்லாத லிஃப்ட்டில் தனக்காக ஒரு பொத்தானை அழுத்துகிறார். கதவு திறக்கிறது. வெளியே என்ன இருக்கிறது என்று உங்கள் அண்ணன் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "படத்துல பாரு." எப்போது என்று கேட்டால், "கார்டு சூடாகுது. நான் என்ன பண்ணட்டும்?"

கணினியின் கிராபிக்ஸ் கார்டு சூடாவது உண்மை. நானே ஓட்டிப் பார்த்தேன். அவர் உருவாக்கி வைத்ததைக் கணினி ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு வெளியே தர வேண்டும். லிஃப்ட்காரர் பொத்தானை அழுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் படத்தில் பச்சைப் பச்சையாகச் சதுரங்கள் விழுகின்றன. பிறகு திரை கறுத்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கதவு திறப்பதற்குச் சற்று முன்னால். கிராபிக்ஸ் கார்டில் மெமரி சில்லுகள் நூறு டிகிரியைத் தாண்டுகின்றன என்று திரையோரத்தில் எழுதி வருகிறது.

தண்ணீர் விட்டுக் குளிரவைக்கும் ஏற்பாடு ஒன்றைப் பற்றி நீங்கள் அவரிடம் பேசிக்கொண்டே இருப்பீர்கள். அவர் போனை வைத்துவிட்டு என்னிடம், "வீட்டைக் கொளுத்த வழி சொல்றான் பாரு" என்று சிரிப்பார். அந்த வழியை எனக்கு எழுதுங்கள்.

காரியத்துக்கு நீங்கள் வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

உங்கள் கடிதம் இரண்டு துறைமுகம் என்னைத் துரத்திக்கொண்டு வந்து நேற்றுதான் பிடித்தது. ஏஜென்ட் கையிலிருந்து வாங்கும்போதே உங்கள் எழுத்து தெரிந்தது. பிரிக்க ஒரு நாள் ஆயிற்று.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே என்னை 'டேய்' என்று கூப்பிட்ட ஆள் நீங்கள். இதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம்.

செய்தி வந்தபோது கப்பல் நடுக்கடலில். கேப்டன் நல்ல மனிதர். "கப்பலைத் திருப்ப எனக்கு அதிகாரம் இல்லப்பா" என்றார். எஞ்சின் அறைக்குப் போய் என் வேலையைப் பார்த்தேன். வேறு எங்கே போவது? கரைக்கு வந்த பிறகாவது வந்திருக்கலாமே என்றுதான் உங்களுக்குக் கோபம். நியாயம். அடுத்த கப்பலில் ஏறிவிட்டேன். நான் கடலில் இருக்கிறவரைக்கும் அண்ணன் வீட்டில் இருக்கிறான். அந்த அறையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வீட்டுக்கு வந்தால் அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டும்.

சரி. தண்ணீர்.

ஒரு யோசனை: படத்தின் கணினிக் கோப்பை வாடகைக் கணினி வைத்திருக்கிறவர்களிடம் கொடுத்தால் இரண்டே நாளில் முடித்துத் தருவார்கள். மாட்டேன் என்பீர்கள். தெரிந்தும் எழுதுகிறேன்.

செய்வதானால் இப்படி. கார்டின் நடுவில் பெரிய சில்லு ஒன்று. அதன்மேல் அதற்கென்று ஒரு விசிறிக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புக் கட்டைகள், அவைதான் மெமரி. காற்று நடுவிலேயே போய்விடும், சுற்றி உள்ளவர்களுக்குக் கிடைக்காது. பந்தியில் ஓரத்தில் உட்கார்ந்தவன் கதி. ஒரு செம்புத் தகட்டில் நடுவே ஜன்னல் வெட்டுங்கள். விசிறிக் கட்டையின் அடிப்பாகம் அந்த ஜன்னல் வழியாகப் போய் நடுச் சில்லைத் தொட வேண்டும். தகடு மெமரியின் மேல் உட்கார வேண்டும். தகட்டின் ஓரத்தில் மெல்லிய செம்புக் குழாயைப் பற்றவைத்து, அதில் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். மீன் தொட்டி மோட்டார் போதும். வெளியே வரும் குழாயைச் சுருளாக வளைத்து டேபிள் ஃபேன் முன்னால் நிறுத்துங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.

யார் எதைக் கொடுத்தாலும் அலுமினியம் வாங்காதீர்கள். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். எங்கள் கப்பலில் அப்படித் தின்று தீர்த்த ஒரு குழாயை ஞாபகத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? லிஃப்ட்காரர் முகம் யாரைப் போல இருக்கிறது?

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

வாடகைக் கணினி வேண்டாம். அங்கே யாரோ ஒரு ஆள் டீ குடித்துக்கொண்டே முதலில் பார்ப்பான். முதலில் பார்க்க வேண்டியது நான்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் போனேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி. நீங்கள் எழுதியதை நான் காகிதத்தில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். மனிதர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, குட்டி ஃப்ரிட்ஜா?"

"கம்ப்யூட்டருக்கு."

"கம்ப்யூட்டருக்குத் தண்ணியா? எங்க வீட்டுக்காரி கேட்டா என்னையும் சேத்து ஆஸ்பத்திரில காட்டுவா."

"செய்வீங்களா, மாட்டீங்களா?"

"செய்யறேன், செய்யறேன். கோவப்படாதீங்க. அலுமினியத்துல பண்ணா லேசா இருக்கும்."

"செம்பு."

"சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருக்காங்கப்பா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தகட்டு ஜன்னலை நான் வெட்டினேன். ஆச்சரியப்பட வேண்டாம். லென்ஸை ஃபிரேமுக்கு வெட்டுகிற கைதான். கடையில் மதியம் ஆள் வராது. அரத்தால் ராவி ராவி ஓரம் சேர்ந்தது. குழாயை அவர் பற்றவைத்தார். தீயில் செம்பு ஊதாவாகிப் பிறகு பழையபடி ஆகிறது. அதுவரை நான் பார்த்ததில்லை.

என் அக்கா வந்திருந்தாள். மேஜைமேல் மோட்டார், குழாய், கேன். பார்த்துவிட்டு, "ஆள் போய்ச் சேந்தாச்சு. நீ இன்னும் அவருக்கு வேலைக்காரியா இருக்க" என்றாள். போகும்போது மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

முகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பச்சைச் சதுரங்களுக்கு நடுவே சரியாகத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.

அண்ணி


மே 6

அண்ணி,

இந்தத் தடவை கடிதம் சீக்கிரம் வந்துவிட்டது. கரையில் நிற்கிறோம், எஞ்சின் பழுது, கரை ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். பெரிய எஞ்சின் கெட்டால் என் வாழ்க்கையில் அமைதி.

கார்டில் மாட்டுவதற்கு முன், வெளியிலேயே ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை ஓட்டிப் பாருங்கள். இணைப்புக்கு இணைப்பு வெள்ளைக் காகிதம் சுற்றிவையுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

தகட்டுக்கும் மெமரிக்கும் நடுவில் மெத்தென்று ஒரு அட்டை வைக்க வேண்டும். சூட்டைக் கடத்தும் அட்டை. கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் தருவார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம். ஒன்றே ஒன்று.

உங்கள் அக்கா சொன்னதை நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். படித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கப்பலின் பாத்திரங்களையெல்லாம் நான் கழுவினேன். சமையல்காரன் இன்னும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.

தம்பி


மே 24

டேய்,

அணைந்துவிட்டது. போட்ட உடனே. முன்னாலாவது பொத்தானை அழுத்துகிறவரை ஓடியது. இப்போது திரை வருவதற்குள் செத்துவிடுகிறது. நாலு தடவை போட்டேன். ஐந்தாவது தடவை போடப் பயமாக இருக்கிறது.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். காகிதம் சுற்றினேன், ஒரு சொட்டு இல்லை. மெமரி சில்லென்று இருக்கிறது, தொட்டால் கை குளிர்கிறது. அப்புறம் ஏன்? உனக்கு நிஜமாகவே தெரியுமா, இல்லை அவரிடம் அளந்ததைப் போல என்னிடமும் அளந்தாயா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. இந்தக் கார்டு போனால் கதவும் போச்சு. உனக்குப் புரிகிறதா? எனக்கு அவரிடமிருந்து இனிமேல் வர வேண்டியது அது ஒன்றுதான்.

கோபத்தில் எழுதுகிறேன். கிழிக்காமல் அனுப்புகிறேன்.


ஜூன் 9

அண்ணி,

'டேய்' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். மற்றதைப் பிறகு படித்தேன்.

கார்டு சாகவில்லை. சாகாமலிருக்கத்தான் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. ஒரு கேள்வி. அட்டை எத்தனை வைத்தீர்கள்?

தம்பி


ஜூன் 21

இரண்டு.

ஒன்றின்மேல் ஒன்று. எங்கள் தொழிலில், ஃபிரேம் இல்லாத கண்ணாடியில் ஸ்க்ரூ போடும்போது லென்ஸுக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய வளையம் போடுவோம். விரிசல் விடுமோ என்று தோன்றினால் இன்னொன்று சேர்த்துப் போடுவோம். யோசிப்பதே இல்லை, கை தானாகப் போட்டுவிடும். செம்பு அத்தனை கனமாக இருந்தது. மெமரி நசுங்கிவிடுமோ என்று பயந்தேன்.

தகடு மேலே தூக்கிவிட்டது, இல்லையா? விசிறிக் கட்டை தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுச் சில்லைத் தொடவே இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் புரிந்தது. உன் பதிலுக்குக் காத்திருக்காமல் கழற்றப் போகிறேன்.

அடுத்த நாள் சேர்த்து எழுதுகிறேன். ஒரு அட்டையை எடுத்தேன். ஓடுகிறது. மெமரி எழுபதைத் தாண்டவில்லை. டேபிள் ஃபேனைத் தவிர அறையில் பெரிதாகச் சத்தம் இல்லை. மோட்டார் பூனை மாதிரி முனகுகிறது.

பச்சைச் சதுரங்கள் போய்விட்டன. முகம் தெரிகிறது. யாரைப் போலவும் இல்லை. ஆனால் காது உன்னுடையது. வலது காதின் மேல்மடிப்பு, பிறக்கும்போதே யாரோ இஸ்திரி போட்டதைப் போல. அப்படியே.

லிஃப்ட்டின் உள்பக்கத்தை நீ பார்க்க வேண்டும். சுவரெல்லாம் கீறல். சாவியால் கீறியது, கட்டில் ஏற்றும்போது உரசியது, பொத்தானைச் சுற்றி விரல் பட்டுப் பட்டு மங்கியது. மூலையில் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்த இடம், பசை மட்டும் மிச்சம். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்தது. கார்டின் மெமரி கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிவிட்டதாகத் திரை சொல்கிறது. அத்தனையும் சுவர்.

ஒரு படம் வர நெடுநேரம் ஆகிறது. லிஃப்ட்காரர் இன்னும் கையைத் தூக்கவில்லை. வேலைக்குப் போகும்போது அறையைப் பூட்டுவதில்லை. தண்ணீர் ஓடுகிறதே, யாரோ வீட்டில் இருக்கிற மாதிரி.

அண்ணி


ஜூலை 5

அண்ணி,

காது விஷயத்தைச் சமையல்காரனிடம் சொல்லிவிட்டேன். இன்றைக்கு எல்லோரும் என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் எஞ்சினியர், "இந்தக் காதை வச்சா படம் எடுத்தாங்க? படம் ஓடின மாதிரிதான்" என்றார்.

கதவு திறந்ததும் எழுதுங்கள். எதையும் விடாமல் எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை என்று எழுத நினைத்தேன். பொய்.

தம்பி


ஜூலை 30

தம்பி,

முடிந்தது.

கதவு திறந்தது. வெளியே கடல். காலை வெளிச்சம், கண் கூசுகிற மாதிரி. அலை லிஃப்ட்டின் வாசல்வரை வந்து திரும்புகிறது. ரொம்பத் தொலைவில் ஒரு கப்பல். மேல்தளத்தில் யாரோ நின்று கையை ஆட்டுகிறார்கள். முகம் தெரியவில்லை. லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.

உனக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நீ வராததைப் பற்றி எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. நிம்மதியாக இரு.

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணி,

உங்கள் கடிதத்தை மேல்தளத்தில் நின்று படித்தேன். முதல் தடவை அழுதேன். அழுது முடித்து இரண்டாம் தடவை படித்தேன்.

அண்ணி, அந்தக் கார்டில் கடல் அடங்காது.

கடல் செய்வது லேசில்லை. அலைக்கு அலை, நுரைக்கு நுரை, தண்ணீருக்குள் வெளிச்சம். சுவருக்கே மெமரி நிரம்பிவிட்டதாக நீங்கள்தான் எழுதினீர்கள். கதவு திறக்கும்போது அந்தச் சுவரும் கூடவே இருக்க வேண்டும். கடலுக்கு இடம் எங்கே? நான் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை. "என் கப்பலை ஒரு சீன்ல வையேன்டா" என்று. அவன் சொன்னது: "கடல் கேட்டா கார்டு செத்துடும். வேணும்னா ஒரு பக்கெட் தண்ணி தரேன், காலை நனைச்சுக்கோ."

எனக்காக ஒரு கடல் செய்தீர்கள். இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு பெரிதாக எதையும் செய்ததில்லை. கோபமில்லை.

ஆனால் வெளியே என்ன இருந்தது? நானும் அவன்கூடப் பிறந்தவன். எதுவாக இருந்தாலும் பாதி என்னுடையது. நீங்கள் தனியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காதாவது நிஜமா?

தம்பி


செப்டம்பர் 11

டேய்,

காது நிஜம்.

கதவு திறந்தது. வெளியே சாம்பல் நிறம். மூடுபனி இல்லை, சுவர் இல்லை. எதுவும் வைக்காத இடத்தில் கணினி தானாக நிரப்பும் சாம்பல். லிஃப்ட்காரர் அதைப் பார்த்து நிற்கிறார். காட்சி முடியும்வரை நிற்கிறார். இறங்கவில்லை.

ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் கோப்பைத் திறந்து உள்ளே போனேன். காட்சியைச் சுழற்றிப் பார்க்க அவர் எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார். இத்தனை நாள் செய்யாமலிருந்ததற்குக் காரணம், அவர் சட்டைப்பையில் கைவிடுகிற மாதிரி இருக்கும் என்பதுதான். சுழற்றினேன். ஒன்றுமில்லாத வெளியில் அந்த லிஃப்ட் மட்டும். சுவர்களுக்கு வெளிப்பக்கம்கூட இல்லை, உள்பக்கம் மட்டும்தான் செய்திருக்கிறார். பின்னாலிருந்து பார்த்தால் சுவரே இல்லாமல் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். வெளியே என்ன வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதவரை இன்னொரு கீறல், இன்னொரு கீறல். கீறல் கூடக் கூட கார்டு கொதித்தது. கார்டு கொதிக்கிறது என்று என்னிடம் சொன்னார். டீ கொண்டுபோய் வைப்பேன். "கதவு வந்துடுச்சா?" என்பேன். "வந்துடும்" என்பார். பொய் இல்லை. சூடு நிஜம். அந்தச் சூட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "என்ன வைக்கறதுன்னு தெரியலடி." நான் என்ன செய்திருப்பேன்? சிரித்திருப்பேன். ஏதாவது சொல்லியிருப்பேன், மாடிப்படி, காய்கறிக்கடை, எதையாவது. இப்போது அதை யாரிடம் சொல்வது?

உனக்குக் கடல் எழுதியது அந்த வாரம்தான். உன்னை ஏமாற்ற இல்லை. அவருக்குப் பதிலாக யாராவது ஏதாவது வைத்தால் போதும் என்றிருந்தது. எழுதிய பிறகு இரண்டு நாள் நானே அதை நம்பினேன்.

நீ கேட்ட பாதி இதுதான்.

படத்தை வெட்டிவிட்டேன். கதவு விரலகலம் திறக்கிறது, அங்கே முடிகிறது. அதற்குமேல் அவரிடம் இல்லை. என்னிடமும் இல்லை. உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன். கப்பலில் எல்லோருக்கும் காட்டு, அந்த எஞ்சினியர் உட்பட.

இன்று காலை இயந்திரத்தை நிறுத்தினேன். மோட்டாரை எடுத்துவிட்டு, குழாயின் ஒரு முனையை வாளியில் இறக்கினேன். தண்ணீர் லேசான பச்சையாக வந்தது, செம்புக் களிம்பின் நிறம். கைவைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கீழே ஊற்றலாம் என்று எடுத்துக்கொண்டு போனவள் குளியலறை வாசலில் நின்றுவிட்டேன்.

பிறகு ஒரு பழைய துணியை அதிலேயே நனைத்து அவர் அறையைத் துடைத்தேன். நாற்காலியை நகர்த்தி, மேஜைக்கு அடியில், சுவரோரம், எல்லாம். அவர் போனதிலிருந்து அந்தத் தரையில் துணி படவில்லை.

தரை இன்னும் காயவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அண்ணி